ஹீட் பம்பா, கேஸ் பாய்லரா: லண்டன் புறநகர் செமி வீடு ஒன்றின் இருபது ஆண்டுக் கணக்கு

லண்டனைச் சுற்றி ஹாரோ, வெம்பிளி, இல்ஃபோர்ட், மிட்சம் என்று எந்தப் பக்கம் போனாலும் 1930களில் கட்டிய மூன்று படுக்கையறை செமி வீடுகள் (ஒரு பக்கச் சுவரை அடுத்த வீட்டோடு பகிர்பவை) தெருத்தெருவாக நிற்கின்றன. தமிழ்க் குடும்பங்கள் பலவும் வாங்கியிருப்பது இந்த வகை வீட்டைத்தான். அப்படி ஒரு வீட்டின் சமையலறையில் மாட்டியிருக்கும் காம்பி பாய்லருக்கு (அறைச் சூடும் உடனடி வெந்நீரும் சேர்த்துத் தரும் கேஸ் பாய்லர்) 13, 14 வயதாகிவிட்டது. இன்னும் ஒன்றிரண்டு குளிர்காலம் தாங்கலாம் என்று வைத்துக்கொள்வோம். அதன் இடத்தில் இன்னொரு கேஸ் பாய்லர் போடுவதா, காற்றிலிருந்து வெப்பம் எடுக்கும் ஹீட் பம்புக்கு மாறுவதா?

இந்தக் கேள்விக்குப் பொதுவாகக் கிடைக்கும் பதில்கள் இரண்டு. "ஒரு யூனிட் மின்சாரம் கேஸைப்போல நாலு மடங்கு விலை, கட்டுப்படியாகாது" என்பது ஒன்று. "ஒரு யூனிட் போட்டால் நாலு யூனிட் வெப்பம் வரும், கட்டாயம் லாபம்" என்பது மற்றொன்று. ஒரே வீட்டில், ஒரே தயாரிப்பாளரின் ஒரே பெட்டியை வைத்தும் இரண்டு பதில்களையும் உண்மையாக்க முடியும். எது உண்மையாகும் என்பது பெட்டிக்கு வெளியே, குழாயிலும் ரேடியேட்டரிலும் தண்ணீரின் சூட்டிலும் முடிவாகிறது. அதைக் காட்டத்தான் இந்த ஆய்வு.

வீடும் விலையும்

கணக்குக்கு எடுத்துக்கொண்டது ஒரு மாதிரி வீடு. கூரைக்குள் 270 மி.மீ. கம்பளிக் காப்பு, இரட்டைக் கண்ணாடி ஜன்னல், இரட்டைச் சுவரின் இடைவெளி நிரப்பப்பட்டது. ஆண்டுக்குக் கேஸ் 14,000 யூனிட். (கேஸ் பில்லிலும் ஒரு யூனிட் என்பது ஒரு கிலோவாட் மணிதான். மீட்டர் கன மீட்டரில் ஓடினாலும் பில்லில் மாற்றித்தான் போடுகிறார்கள்.) பழைய பாய்லர் எரிக்கும் கேஸில் சுமார் 86 சதவீதம்தான் வீட்டுக்குள் வெப்பமாகச் சேர்கிறது. ஆக இந்த வீட்டுக்குத் தேவையான வெப்பம் ஆண்டுக்கு 12,000 யூனிட். அதில் 2,400 குளிக்கவும் கழுவவும் வெந்நீருக்கு. மீதி 9,600 அறைகளைச் சூடாக்க. அடுப்பில் எரியும் கேஸ் இதில் மிகச் சிறு பங்கு என்பதால் தனியே பிரிக்கவில்லை.

விலைக்கு, பிரிட்டனின் எரிசக்திக் கட்டுப்பாட்டு அமைப்பான ஆஃப்ஜெம் அறிவித்த 2025 அக்டோபர் முதல் டிசம்பர் வரையான உச்சவரம்பை எடுத்துக்கொள்வோம். மின்சாரம் யூனிட் 26.35 பென்ஸ், கேஸ் 6.29 பென்ஸ். கேஸ் இணைப்பு இருப்பதற்காக மட்டும் தினமும் 34.03 பென்ஸ் நிலைக் கட்டணம். மின்சார நிலைக் கட்டணம் எந்தப் பக்கம் போனாலும் கட்டியே ஆகவேண்டும். அதனால் கணக்கில் சேர்க்கவில்லை.

கேஸ் பக்கம் எளிது. 14,000 யூனிட்டுக்கு 881 பவுண்டு, நிலைக் கட்டணம் 124, ஆண்டுச் சர்வீஸ் 100 என்று வைத்தால் ஆண்டுக்கு 1,105 பவுண்டு. புதுக் காம்பி பாய்லரைப் பொருத்திக் கொடுக்க 3,000 பவுண்டு, ஆயுள் 15 ஆண்டு என்பது நியாயமான அனுமானம். 20 ஆண்டுக் கணக்கில் 15ஆம் ஆண்டு இன்னொரு பாய்லர் வாங்கவேண்டும். அதில் பத்தாண்டு ஆயுள் மிச்சம் இருக்கும் என்பதால் 2,000 பவுண்டைக் கழித்துவிடலாம். முதலீடு 4,000, ஓட்டச் செலவு 22,096. மொத்தம் சுமார் 26,100 பவுண்டு.

ஹீட் பம்ப் பக்கம் முதலீடு சுமார் 13,000 பவுண்டு. வெளி யூனிட், 200 லிட்டருக்கு மேற்பட்ட வெந்நீர்த் தொட்டி, குழாய் வேலை, சில ரேடியேட்டர்கள் எல்லாம் இதில் அடக்கம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பாய்லர் அப்கிரேட் ஸ்கீம் 7,500 பவுண்டு மானியம் தருகிறது. 2022 மே மாதம் தொடங்கியபோது இது 5,000ஆக இருந்தது. 2023 அக்டோபர் 23 முதல் உயர்த்தினார்கள். 2027 மார்ச் முடியும்வரை இந்த வேலைக்கு வாட் வரியும் இல்லை. கையிலிருந்து போவது 5,500 பவுண்டு. ஆயுள் 20 ஆண்டு, சர்வீஸ் ஆண்டுக்கு 180 பவுண்டு என்று வைக்கலாம். சர்வீஸைத் தவறவிட்டால் பல தயாரிப்பாளர்களின் வாரண்டி செல்லாது. ஆகவே அந்தத் தொகையைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டு மலிவு காட்டுவது சரியல்ல.

இதுவரை இரண்டு பக்கமும் தெளிவு. மீதி ஒரே ஒரு எண்தான்: ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஆண்டு முழுவதும் சராசரியாக எத்தனை யூனிட் வெப்பம் கிடைக்கிறது? இதை ஆண்டுத் திறன் எண் என்று சொல்வோம்.

ஒரே வீடு, மூன்று விதமான பொருத்தல்

முதல் விதம். பழைய ரேடியேட்டர்களை அப்படியே விட்டு, ஹீட் பம்பிலிருந்து போகும் தண்ணீரை எப்போதும் 55 டிகிரியில் வைத்திருக்கிறார்கள். அறைச் சூட்டுக்குத் திறன் 3.0 கிடைக்கிறது. வெந்நீர்த் தொட்டியில் மின்கம்பிச் சூடாக்கி அடிக்கடி தலையிடுவதால் வெந்நீருக்கு 2.2தான். 9,600ஐ 3.0ஆல் வகுத்தால் 3,200, 2,400ஐ 2.2ஆல் வகுத்தால் 1,091. மொத்தம் 4,291 யூனிட் மின்சாரம். ஆண்டுத் திறன் எண் 2.8.

இது வேண்டுமென்றே மோசமாக எடுத்த எண் அல்ல. பிரிட்டிஷ் அரசு நிதியில் எனர்ஜி சிஸ்டம்ஸ் கேட்டபுல்ட் என்ற ஆய்வு நிறுவனம் நடத்திய பரிசோதனைத் திட்டத்தில் 742 வீடுகளில் ஹீட் பம்ப் வைத்து அளந்தார்கள். காற்றிலிருந்து வெப்பம் எடுக்கும் வகையின் நடுமதிப்பு 2.8ஐ ஒட்டித்தான் வந்தது.

இரண்டாம் விதம். வெளியே குளிர் கூடும்போது தண்ணீர்ச் சூடு தானாகக் கூடி, குறையும்போது குறைகிறது. உச்சக் குளிரில் 50 டிகிரி. அறைச் சூட்டுக்கு 3.5, வெந்நீருக்கு 2.7. செலவு 3,632 யூனிட், ஆண்டு எண் 3.3.

மூன்றாம் விதம். தேவையான அறைகளில் ரேடியேட்டர் மாற்றி, உச்சக் குளிரிலும் 45 டிகிரிக்கு மேல் போகாதபடி வடிவமைத்தது. குளிர்காலம் முழுவதற்கும் சராசரி பார்த்தால் தண்ணீர் 35, 36 டிகிரியில்தான் ஓடும். அறைச் சூட்டுக்கு 4.2, வெந்நீருக்கு 2.8. செலவு 3,143 யூனிட், ஆண்டு எண் 3.8. ஓப்பன் எனர்ஜி மானிட்டர் குழு நடத்தும் திறந்த தரவுத் தளத்தில் தங்கள் அளவீடுகளைப் பகிர்பவர்களிடம் 4ஐத் தாண்டிய அமைப்புகளும் நிறைய உண்டு. அவர்கள் அக்கறையுடன் பார்த்துப் பார்த்துச் செய்தவர்கள் என்பதை மறக்கவேண்டாம். ஆனால் அவர்கள் வைத்திருப்பதும் கடையில் கிடைக்கும் அதே பெட்டிகள்தான்.

அக்டோபர் 2025 விலையில், கேஸ் இணைப்பை முழுவதும் எடுத்துவிட்டால், 20 ஆண்டு மொத்தம் இப்படி வரும்:

கேஸ் பாய்லர்: 26,100 பவுண்டு
ஹீட் பம்ப், எண் 2.8: 31,700
ஹீட் பம்ப், எண் 3.3: 28,200
ஹீட் பம்ப், எண் 3.8: 25,700
எண் 3.8, மின்சாரம் சராசரி 20 பென்ஸுக்குக் கிடைத்தால்: 21,700

முதல் விதத்துக்கும் மூன்றாம் விதத்துக்கும் இடையே 6,000 பவுண்டு. இரண்டிலும் வாங்கிய இயந்திரம் ஒன்றே. மானியம் இல்லாவிட்டால் ஹீட் பம்பின் நாலு வரியிலும் 7,500ஐக் கூட்டிக்கொள்ளுங்கள். அப்போது இந்த வீட்டில் கேஸை வெல்ல எந்த வழியும் மிஞ்சாது. இன்றைய மானியம் இந்தக் கணக்கைத் தாங்கி நிற்கும் தூண் என்பதை மறைக்காமல் சொல்லவேண்டும்.

இன்று கையிலிருந்து போகும் பணமும் பத்தாண்டு கழித்து மிச்சமாகும் பணமும் ஒன்றல்ல என்று கேட்பவர்களுக்காக: பிரிட்டிஷ் கருவூலம் பயன்படுத்தும் 3.5 சதவீதத் தள்ளுபடி விகிதத்தில் பார்த்தால் கேஸ் சுமார் 19,500, எண் 3.8 சாதாரணக் கட்டணத்தில் 19,800, அதே எண் 20 பென்ஸில் 17,000, எண் 2.8 வந்தால் 24,100. அதாவது நன்றாகப் பொருத்தினாலும் சாதாரணக் கட்டணத்தில் இருந்தால் கேஸோடு ஏறக்குறைய சமம்தான்.

பெரிய ரிப்பேர்களை இரு பக்கமும் சேர்க்கவில்லை. பாய்லரில் விசிறி, டைவர்ட்டர் வால்வு, சர்க்யூட் போர்டு போகும்; ஹீட் பம்பிலும் சுழற்சிப் பம்பு, விசிறி, போர்டு போகும்.

ரேடியேட்டர்தான் முடிவு செய்கிறது

ரேடியேட்டர் பட்டியலில் அச்சடித்திருக்கும் வாட் அளவு, உள்ளே ஓடும் தண்ணீர் அறையைவிட 50 டிகிரி சூடாக இருக்கும்போது கிடைப்பது. 45 டிகிரியில் போய் 40இல் திரும்பினால் சராசரி 42.5, அறை 20 என்றால் வித்தியாசம் 22.5 டிகிரிதான். அப்போது அச்சடித்த அளவில் 35 சதவீதம்தான் வெளிவரும். 55இல் போய் 50இல் திரும்பினால் 57 சதவீதம்.

முன் ஹாலை எடுத்துக்கொள்வோம். வளைந்த பே ஜன்னல், ஒரு பக்கம் வெளிச் சுவர். உச்சக் குளிரில் அந்த அறை இழக்கும் வெப்பம் 1,100 வாட் என்று அளந்திருக்கிறது. ஜன்னலுக்குக் கீழே இருப்பது 600 மி.மீ. உயரம், 1,200 மி.மீ. நீளம் கொண்ட ஒற்றைத் தகட்டு ரேடியேட்டர். பட்டியலில் சுமார் 1,150 வாட். 45 டிகிரித் தண்ணீரில் அது தருவது 400 வாட் மட்டுமே. அதே நீளத்தில் இரட்டைத் தகடு, இரட்டை மடிப்பு கொண்ட வகை சுமார் 2,080 வாட். 45 டிகிரியில் 735. மூன்று தகடு, மூன்று மடிப்பு கொண்ட வகை 1,400 மி.மீ. நீளத்தில் 3,400 வாட்டை ஒட்டி வரும். 45 டிகிரியில் 1,200. இதுதான் இந்த அறைக்குப் போதும். சுவரிலிருந்து சுமார் 16 செ.மீ. வெளியே நீட்டும், ஆள் தனியாகத் தூக்க முடியாத கனம். ஆனால் அதே ஜன்னலுக்குக் கீழேயே அடங்கிவிடும்.

இப்படி எல்லா அறையையும் மாற்ற வேண்டியதில்லை. படுக்கையறைகளில் 18 டிகிரி போதும். முன்பே அளவுக்கு மீறிப் போட்ட ரேடியேட்டர்களும் இருக்கும். இந்த வகை வீட்டில் பெரும்பாலும் மூன்று நாலு இடம்தான் சிக்கல் தரும். நாலு ரேடியேட்டருக்குக் கூடுதலாக 1,200 பவுண்டு ஆகும் என்று வைத்தாலும், எண் 2.8க்கும் 3.8க்கும் ஆண்டு வித்தியாசம் 302 பவுண்டு. நாலு ஆண்டில் வந்துவிடும். ஹீட் பம்பின் முழுச் செலவில் இதைவிட நல்ல முதலீடு வேறு இல்லை. ஆனால் நிறுவனங்கள் தரும் விலைப்புள்ளியைக் குறைத்துக் காட்ட முதலில் வெட்டப்படுவதும் இதுவே.

இப்போது வரும் புரோபேன் குளிர்பொருள் இயந்திரங்கள் 70 டிகிரிக்கு மேலும் தண்ணீர் தரும். "பழைய ரேடியேட்டரே போதும், எதையும் தொடவேண்டாம்" என்று விற்பதற்கு இது வசதியான காரணமாகிவிட்டது. வீடு சூடாகத்தான் இருக்கும். குறை பில்லில் மட்டுமே தெரியும். தண்ணீர்ச் சூட்டை ஒரு டிகிரி கூட்டினால் மின்செலவு இரண்டு முதல் மூன்று சதவீதம் கூடும் என்ற விதியை நினைவில் வைத்தால் போதும்.

அளவு தவறினால்

பழைய காம்பி பாய்லரின் மேல் 28 அல்லது 30 கிலோவாட் என்று எழுதியிருக்கும். அது ஷவருக்கு உடனடி வெந்நீர் தருவதற்கான அளவு. வீட்டைச் சூடாக்க அதில் சுமார் ஆறில் ஒரு பங்குதான் தேவைப்படும். கையிலுள்ள பில்லை வைத்தே சரிபார்க்கலாம்: அறைச் சூட்டுக்கான 9,600 யூனிட்டை, முழு அளவில் ஓடும் நேரம் ஆண்டுக்கு 2,000 மணி என்று தோராயமாக வைத்து, 2,000ஆல் வகுத்தால் 4.8. லண்டன் தட்பவெப்பத்தில் இந்த வீட்டின் உச்சத் தேவை சுமார் 5 கிலோவாட்.

இதை வைத்து முடிவெடுக்கக் கூடாது. அறை அறையாக வெப்ப இழப்புக் கணக்கு எடுக்கவேண்டும், எம்.சி.எஸ். சான்று (ஹீட் பம்ப் போன்றவற்றைப் பொருத்துபவர்களுக்கான தரச் சான்று) பெற்ற நிறுவனம் அதைச் செய்தே ஆகவேண்டும். ஆனால் கணக்கு 9 கிலோவாட் என்று வந்து பில் 5 என்று சொன்னால் எங்கோ பிழை. பெரும்பாலும் காற்றோட்ட இழப்பை மிகையாக வைத்திருப்பார்கள், அல்லது நிரப்பிய சுவரை நிரப்பாததாக எடுத்திருப்பார்கள். 5 கிலோவாட் வீட்டில் 11 கிலோவாட் யூனிட்டை வைத்தால், 8 டிகிரி, 10 டிகிரி குளிருள்ள சாதாரண நாட்களில் அது ஓடி நின்று ஓடி நின்று திறனைத் தின்னும். லண்டன் குளிர்காலத்தில் பெரும்பகுதி அந்த மாதிரி நாட்கள்தான்.

குழாயின் தடிமனையும் பார்க்கவேண்டும். பாய்லர், போகும் தண்ணீருக்கும் திரும்பும் தண்ணீருக்கும் இடையே 20 டிகிரி வித்தியாசத்தில் ஓட்டும். ஹீட் பம்ப் 5 டிகிரியில். அதே வெப்பத்துக்கு நாலு மடங்கு தண்ணீர் ஓடவேண்டும். 5 கிலோவாட்டுக்கு நிமிடத்துக்கு 14 லிட்டருக்குச் சற்று மேல். விநாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தை எல்லையாக வைத்தால் 15 மி.மீ. செம்புக் குழாய் 3 கிலோவாட் வரை சுமக்கும், 22 மி.மீ. குழாய் 6.5, 28 மி.மீ. குழாய் 11. ஆகவே முதன்மைக் குழாய் 22 மி.மீ. ஆக இருந்தால் இந்த வீட்டுக்குப் போதும். 8 அல்லது 10 மி.மீ. நுண்குழாய் போட்ட வீடுகளில்தான் தரைப்பலகையைத் தூக்க வேண்டிவரும். அந்தச் செலவை விலைப்புள்ளியில் முன்கூட்டியே எழுதி வாங்குங்கள்.

குழாய் பற்றிக் கவலைப்படும் நிறுவனங்கள் சில, பாதுகாப்புக்கென்று நடுவே ஒரு பஃபர் தொட்டியோ கலப்புக் குழாயோ வைத்துவிடும். திரும்பிவரும் குளிர்ந்த தண்ணீர் போகும் தண்ணீரில் கலந்துவிட்டால், ரேடியேட்டருக்கு 45 டிகிரி போக ஹீட் பம்ப் 50இல் ஓடவேண்டும். இயந்திரத்தின் திரையில் எல்லாம் சரியாகத் தெரியும். ஆண்டு எண் மட்டும் 10 சதவீதம் போய்விடும். இரண்டு பக்கமும் குழாயில் கைவைத்தாலே வித்தியாசம் தெரியும் அளவுக்கு இருக்கும். 5 கிலோவாட் வீட்டில் இது தேவைப்படுவது அரிது.

பொருத்தி முடித்தபிறகு வரும் சிக்கல் வீட்டாரின் பழக்கத்திலிருந்து. பாய்லரைக் காலை ஒரு மணி நேரம், மாலை மூன்று மணி நேரம் போட்டுப் பழகியவர்கள் ஹீட் பம்பையும் அப்படியே ஓட்டுவார்கள். குளிர்ந்துபோன வீட்டை மூன்று மணி நேரத்தில் ஏற்றத் தண்ணீர் 55க்குப் போயாக வேண்டும். தாழ்ந்த சூட்டில் நாள் முழுவதும் ஓடவிடுவதுதான் இதற்கு முறை. ரேடியேட்டர் வால்வுகளைத் திறந்தே வைக்கவேண்டும். ஆளில்லாத அறை என்று பாதியை மூடினால் மீதி ரேடியேட்டர்கள் சூடாகித்தான் ஈடுகட்டும். தாத்தா பாட்டி பகலெல்லாம் வீட்டில் இருக்கும் கூட்டுக் குடும்பங்களுக்கு இந்த ஓட்டம் இயல்பாகவே பொருந்துகிறது; பாய்லரை ஏற்றி இறக்கும் கணக்கு அவர்களுக்கு எப்படியும் கிடையாது.

வெந்நீர்த் தொட்டியை 48 முதல் 50 டிகிரியில் வைத்தால் போதும். கிருமி வளராமலிருக்க வாரம் ஒருமுறை 60க்கு ஏற்றுவார்கள். 200 லிட்டரை 50இலிருந்து 60க்கு மின்கம்பியால் ஏற்ற 2.3 யூனிட், ஆண்டுக்கு 32 பவுண்டு. இதைத் தினமும் என்று அமைத்துவிட்டுப் போனால் 223 பவுண்டு. பொருத்தி ஒரு மாதம் ஆனதும் அமைப்புப் பட்டியலில் முதலில் பார்க்கவேண்டிய வரி இதுதான்.

அடுப்பும் 124 பவுண்டும்

மேலே போட்ட கணக்கெல்லாம் கேஸ் மீட்டரை எடுத்துவிட்டதாக வைத்துத்தான். அடுப்புக்காக மட்டும் கேஸை வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 124 பவுண்டு தொடரும்; 20 ஆண்டில் 2,480. எரிக்கும் கேஸ் அதைவிடக் குறைவு.

சமன்படும் எண்ணை வைத்துப் பார்த்தால் இதன் கனம் புரியும். எரிபொருளை மட்டும் ஒப்பிட்டால் கேஸை எட்டிப்பிடிக்க ஹீட் பம்புக்கு 3.6 வேண்டும். நிலைக் கட்டணமும் மிச்சம் என்றால் 3.15 போதும். சர்வீஸ் வித்தியாசம் 80 பவுண்டையும் சேர்த்தால் 3.4. அடுப்பு ஒன்றுக்காகக் கேஸை வைத்திருக்கும் வீட்டில், எண் 3.8 வந்தாலும் சாதாரணக் கட்டணத்தில் லாபம் இல்லை.

நம் சமையலறையில் இது சின்ன விஷயம் அல்ல. இண்டக்‌ஷன் அடுப்பில் அலுமினிய இட்லிப் பானை, அலுமினிய புட்டுக்குடம், செம்பு, பித்தளை எதுவும் சூடாகாது. அடியில் இரும்பு கலந்த தகடு வேண்டும். காந்தம் ஒட்டினால் வேலை செய்யும். இரும்புத் தோசைக்கல் தட்டையாக இருந்தால் அருமையாக வேலை செய்யும். நடுவில் குழிந்ததென்றால் சூடு சமமாகப் பரவாது. அப்பச்சட்டிக்குத் தட்டை அடி கொண்டது தேடவேண்டும். அடுப்போடு பாத்திரம் மாற்றும் செலவையும் சேர்த்துத்தான் மீட்டரை எடுக்கும் முடிவுக்கு வரவேண்டும். நான்கைந்து ஆண்டில் நிலைக் கட்டணம் அதைத் திருப்பித் தந்துவிடும் என்பது பெரும்பாலான வீடுகளுக்குப் பொருந்தும்.

இண்டக்‌ஷன் அடுப்புக்கு 32 ஆம்பியர் தனி வயரிங் வேண்டும். அதோடு ஹீட் பம்ப், நாளைக்கு ஒரு மின்கார் என்றால் 60 ஆம்பியர் மெயின் ஃபியூஸ் போதாது. 1930களின் செமி வீடுகளில் இன்னொரு தலைவலி உண்டு: தெருவிலிருந்து ஒரே கேபிள் வந்து பக்கத்து வீட்டுக்கும் உங்களுக்கும் பிரிவது. மின்விநியோக நிறுவனம் அதைப் பிரித்துத் தனிக் கேபிள் போடத் தெருவைத் தோண்டவேண்டும்; வாரக்கணக்கில் ஆகும். மெயின் ஃபியூஸ் பெட்டியைப் படம் எடுத்து முதல் நாளே நிறுவனத்துக்கு அனுப்புவது நல்லது.

விலை விகிதம் எங்கே போகும்

அக்டோபர் 2025 விலையில் மின்சாரம் கேஸைப்போல 4.2 மடங்கு. 2022 அக்டோபரில் அரசு விலை உத்தரவாதம் தந்தபோது 34 பென்ஸ், 10.3 பென்ஸ், விகிதம் 3.3. அந்த விகிதம் திரும்பினால் எரிபொருளில் மட்டும் சமன்படும் எண் 3.6இலிருந்து 2.8ஆகக் குறையும், மோசமாகப் பொருத்தியதுகூடத் தப்பிவிடும். கேஸ் விலை ஏறும்போது மின்விலையும் ஏறுகிறது, ஏனெனில் பிரிட்டனில் பல மணி நேரங்களில் மின்விலையை நிர்ணயிப்பது கேஸ் நிலையங்கள்தான். ஆனால் அதே விகிதத்தில் ஏறுவதில்லை. அந்த அளவில் ஹீட் பம்ப் ஒரு காப்பு.

புதுப்பிக்கத்தக்க மின்சக்திக்கு 2002 முதல் கொடுக்கும் ஆதரவின் செலவு மின் பில்லிலேயே வசூலிக்கப்பட்டு வந்தது. 2025 நவம்பர் பட்ஜெட்டில் அதன் வீட்டுப் பங்கில் 75 சதவீதத்தை 2026 ஏப்ரல் முதல் மூன்று ஆண்டுக்கு அரசுக் கணக்குக்கு மாற்றினார்கள். திசை சரி, ஆனால் மூன்று ஆண்டு உத்தரவாதத்தை 20 ஆண்டுக் கணக்கில் நீட்டிப் போடக்கூடாது.

உங்கள் கையில் இருப்பது கட்டணத் திட்டம். ஆக்டோபஸின் கோஸி போன்ற ஹீட் பம்ப் கட்டணங்களில் அதிகாலை, பிற்பகல், இரவு என்று மலிவான நேரங்களும், மாலை 4 முதல் 7 வரை மிக விலையான நேரமும் உண்டு. மலிவில் தொட்டியை நிரப்பி, வீட்டை ஒரு டிகிரி கூடுதலாக ஏற்றி, மாலையில் இறக்கிவிட்டால் பேட்டரி இல்லாமலே சராசரி 20 பென்ஸை ஒட்டி வரலாம். செங்கல் வீடு மூன்று மணி நேரம் தாங்கும். இந்த விலையில் எண் 3.3 உள்ள வீட்டுக்கும் 20 ஆண்டு மொத்தம் 23,600தான், எண் 2.8க்கு 26,300, கேஸுக்கு ஏறக்குறைய சமம். வீட்டின் மற்ற மின்செலவையும், குறிப்பாக மாலைச் சமையலையும், அதே கட்டணம்தான் பிடிக்கும் என்பதை மட்டும் சேர்த்துப் பாருங்கள்.

கேஸ் பக்கத்துக்கும் நியாயம் செய்யவேண்டும். புதுப் பாய்லரின் தண்ணீர்ச் சூட்டை 75இலிருந்து 55, 60க்கு இறக்கினால் திரும்பும் தண்ணீர் குளிர்ந்து, புகையிலுள்ள நீராவியின் வெப்பமும் வீட்டுக்கே வரும். திறன் 92 சதவீதம் ஆனால் ஆண்டுக்கு 60 பவுண்டு மிச்சம். காசில்லாமல் இன்றைக்கே செய்யக்கூடிய வேலை. அதோடு ஹீட் பம்புக்கு ஒத்திகையும் ஆகும். ஜனவரி மாதம் பாய்லரை 50 டிகிரியில் ஒரு வாரம் நாள் முழுக்க ஓட்டிப் பாருங்கள். எந்த அறை சூடாகவில்லையோ அந்த அறையில்தான் ரேடியேட்டர் மாற்றவேண்டும்.

எப்போது மாற்றுவது

பாய்லருக்கு ஐந்து வயதுதான் ஆகிறதென்றால் பணக்கணக்கில் அவசரமில்லை; புதுப் பாய்லருக்கான 3,000 பவுண்டு இப்போது மிச்சமாவதில்லை. 12 வயதைத் தாண்டிவிட்டால் கோடையிலேயே வேலையைத் தொடங்கவேண்டும். பாய்லர் சாவது பெரும்பாலும் கடுங்குளிரில்தான். வீடு குளிர்ந்து கிடக்கும்போது, அடுத்த நாளே வந்து மாட்டிவிடும் காம்பி பாய்லரைத் தவிர வேறு எதற்கும் பொறுமை இருக்காது. ஹீட் பம்புக்கு அளவெடுப்பு, மானிய விண்ணப்பம், மின் இணைப்பு அனுமதி என்று வாரங்கள் ஆகும். மானிய விண்ணப்பத்தை நிறுவனமே போட்டு, தொகையை விலையில் கழித்துக்கொள்ளும். அனுமதிச் சீட்டு மூன்று மாதம்தான் செல்லும். வெளி யூனிட் எல்லைச் சுவரிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி இருக்கவேண்டும் என்ற திட்ட அனுமதி விதி இங்கிலாந்தில் 2025 மே 29 முதல் இல்லை. குறுகிய பக்கச் சந்து உள்ள வீடுகளுக்கு அது பெரிய நிம்மதி. சத்த அளவு விதி தொடர்கிறது.

விலைப்புள்ளி வாங்கும்போது மூன்று எண்களை எழுத்தில் கேளுங்கள்: வீட்டின் மொத்த வெப்ப இழப்பு எத்தனை கிலோவாட், உச்சக் குளிரில் தண்ணீர் எத்தனை டிகிரி, அந்தச் சூட்டில் ஒவ்வொரு ரேடியேட்டரும் எத்தனை வாட் தரும். தண்ணீர்ச் சூடு 45 அல்லது அதற்குக் கீழ் என்று எழுதித் தருபவருக்கு 1,000 பவுண்டு கூடுதலாகக் கொடுக்கலாம். 55 என்று எழுதியிருந்தால் விலை குறைவாக இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.